அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்தெரு.
மூன்றாம் மாடியில்
ஏசி சொட்டும் பக்கெட்டுக்குப் பக்கத்தில் என் திரை.
கன்பூசியச் சிந்தனைக்கான ஓர் ஆய்விதழை
வருடத்துக்கு நான்கு முறை பக்கம் கட்டுகிறேன்.
சீனம் தெரியாது.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே
எவ்வளவு காற்று வேண்டுமென்று தெரியும்.

இந்த இதழ் முழுக்க மூங்கில்.
இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம்
கல்லறைக்குள் கிடந்த பட்டைகள்.
கோத்த நூல் மக்கிவிட்டது.
பட்டைகள் தப்பின, வரிசை தப்பவில்லை.
பதினேழுக்குப் பின் இருபத்துமூன்று என்கிறார் ஒருவர்.
ஒன்பது என்கிறார் இன்னொருவர்.
ஒரு பட்டை நகர்ந்தால்
மகன் தகப்பனை மறுத்துப் பேசலாம்.
திரும்பி வந்தால்
வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
மூன்றாம் புரூஃப் வரைக்கும்
அந்த மகனை நகர்த்திக்கொண்டே இருக்கிறேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்.
என்னிடமுள்ள எந்த எழுத்துருவிலும் இல்லாத எழுத்து.
பேராசிரியர் வெய் ஜிங்லான் எழுதுகிறார்:
மனிதர் மனிதரிடம் காட்டவேண்டிய அந்த ஒன்றை
இன்று ஓர் ஆளும் இரண்டு கோடுமாக எழுதுகிறோம்.
அன்றைய சூ நாட்டில் வேறு மாதிரி எழுதினார்கள்.
படம் இணைத்துள்ளேன். வரைய முடியுமா?

கீழே எல்இடி விளக்குக் கடை.
ஃபங் ஷியூயிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
என் போனை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
இப்படி எழுத்தே கிடையாது என்றாள்.
பிறகு கீழ்ப்பாதியை விரலால் மறைத்தாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த அரபியில்
ஜிஸ்ம் என்றாள்.
மேல்பாதியை மறைத்தாள்.
கல்ப்.

உடம்பு மேலே, கல்பு கீழே.
கல்பு எங்கள் வீட்டுச் சொல்தான்.
அதற்கா இவ்வளவு தூரம்?

நான்கு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்.
மேனேஜர் குருவிளா கண்ணைக் காட்டினார்.
லேபர் கார்டில் நான் டைல் மேசன்.
மாடிப்படியில் நாற்பது நிமிடம்
இல்லாமல் இருந்தேன்.
பெயரும் ஆளும் பொருந்துவது பற்றி
இதே இதழில் இருபத்தெட்டுப் பக்கக் கட்டுரை.
பக்கம் கட்டியது ஒரு டைல் மேசன்.

அந்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் ஆறு மொழிபெயர்ப்பு,
ஆளுக்கொன்று, அடிக்குறிப்பில் அடிதடி.
தமிழில் என்னவென்று யாரும் கேட்கவில்லை.
படியில் உட்கார்ந்து நானே கேட்டுக்கொண்டேன்.
அன்பு என்றால் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.
கருணை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது.
ஈரம்?
நெஞ்சில் ஈரம் இருக்கா என்று வைவோமே, அது.
பட்டைகளைக் காத்ததும் ஈரம்தானாம்.
கல்லறைக்குள் தண்ணீர் நின்றதால்
காற்று நுழையவில்லை.
வெயிலில் கிடந்திருந்தால் தூள்.

ஆகஸ்ட். காற்றில் ஈரப்பதம் தொண்ணூறு.
அதை யாரும் நெஞ்சு என்று சொல்லமாட்டார்கள்.
படிக்கட்டுக் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.
ஜன்னல் வழியாகக் கையை விட்டு
விரலால் எழுதிப் பார்த்தேன்.
உடம்பு நின்றது.
கல்பு ஒழுகிவிட்டது.

இரவு பதினொன்றுக்கு ஒரு கூடுதல் குறிப்பு வந்தது,
பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் வற்புறுத்தியதாம்:
மேலுள்ள உடம்புக்குப் பொருள் தேட வேண்டாம்.
உச்சரிப்பைக் காட்ட வைத்த உறுப்பாக மட்டும்
அது இருக்கக்கூடும்.

எண் நாற்பத்தொன்று. எட்டுப் புள்ளி அளவு.
அதையும் போட்டேன்.
சத்தத்துக்காக மட்டும்
மேலே நிறுத்திவைத்த உடம்பு.
டைல் மேசன், டைல் மேசன் என்று
இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து மேஜை ரொனால்டோ
ஹெட்ஃபோனைக் கழற்றி என்ன என்றான்.
ஒன்றுமில்லை.

பிறகு எழுத்தை முடித்தேன்.
உடம்பை உயரத்தில் கொஞ்சம் குறுக்கவேண்டி வந்தது,
கீழே இடம் போதவில்லை.

காலையில் வெய் ஜிங்லானின் ஒற்றை வரி:
அழகு. மேல்பகுதி மட்டும் ஒரு மயிரிழை இடப்பக்கம்.

நகர்த்தினேன்.